திரும்பி வந்த திருத்தம்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டான்டா, அந்த மகராசன்" என்று அக்கா மேஜையில் ஓங்கிக் குத்தினாள்.

தம்பிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டும் ஓர் இலவச மென்பொருளை நம்பித்தான் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்க்கிறான். அதுவோ கொஞ்ச நாளாகப் பெயர்களில் பாதியை விழுங்கித் தொலைக்கிறது. போனில் பேசுகிறவரைப் பாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எவர்தான் பொறுத்துக்கொள்வார்? மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அக்கா வெப்சைட் வடிவமைப்பவள். சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தாள், திருத்தத்தையும் எழுதிவிட்டாள். ஆனால் அந்த மென்பொருளைப் பராமரிக்கிறவருக்கு அதை மெயிலில் அனுப்ப வேண்டுமாம். அவர் சேர்த்து வெளியிட்டால்தான் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரும்.

அனுப்பினாள். அந்தப் பெரிய மனுஷர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. வெறும் எழுத்தாக அனுப்பவும், ஒரு மெயிலுக்கு ஒரு திருத்தம் போதும், விதிகளைப் படிக்கவும் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார். சரி, பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று அக்கா இன்னும் மெனக்கெட்டாள். நீக்கிய வரிகளுக்குச் சிவப்பு, சேர்த்தவற்றுக்குப் பச்சை, நடுநடுவே அம்புக்குறி என்று அழகாகப் படமெடுத்து அனுப்பினாள். அதற்கு வந்த பதில்தான் இது.

"என்ன எழுதியிருக்கான் தெரியுமா? உங்கள் மெயிலில் எதுவுமே இல்லையாம். என்ன திமிர் பாரு."

விதிப்படியே அனுப்பிவிட்டுப் போயேன் என்று தம்பி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவளுக்குக் கோபம்தான் ஏறியது. உதவி செய்ய வந்தவளைப் பிச்சைக்காரி மாதிரி விரட்டுவதா? ஒரு வேலை போகப் போகிறது, இவனுக்கு விதிதான் பெரிதா?

"கண்ணுக்கு லட்சணமா அனுப்பினா அவனுக்குக் கசக்குதா? இவனையெல்லாம் யாருடா அங்க உட்கார வச்சது?"

அவரை மாற்றச் சொல்லி அந்த மென்பொருளை உருவாக்கும் மொத்தக் குழுவுக்கும் ஒரு புகார் எழுதினாள். நீயும் கையெழுத்துப் போடு என்று தம்பியிடம் சொன்னாள். போடத் தயார்தான், ஆனால் நீ அனுப்பியதை நானும் ஒரு தடவை தெரிந்துகொள்கிறேன், என் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்றான் அவன். தாராளமாகக் கேள், நியாயம் யார் பக்கம் என்று உனக்கே தெரியும் என்று அனுப்பிவைத்தாள்.

அவளுக்கும் கேட்கட்டும் என்று தம்பி ஹெட்போனைக் கழற்றினான். மென்பொருளின் குரல் நிதானமாக வாசித்தது.

"படம். படம். படம். மெயில் முடிந்தது."



"அவர் திமிர்ல சொல்லலைக்கா" என்றான் தம்பி. "அவருக்கும் என்னை மாதிரியே கண் தெரியாது போல."