பழைய லாரிக்குப் புது பேரிங்

"மாப்ள, இப்ப வலது பக்கம் திருப்புடா!" லாரிக்கு அடியில் படுத்திருந்த மாமா கத்தினார்.

"தொங்கியே பார்த்துட்டேன் மாமா, அசைய மாட்டேங்குது!" என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மச்சினன்.

கிழட்டு லாரி. ஸ்டியரிங் திரும்பினால்தானே கிளம்ப முடியும்? காலையிலிருந்து முன்சக்கரங்களைக் கழற்றி, சொந்தக் காசில் புது பேரிங் வாங்கி மாட்டி, கிரீஸ் அப்பி, இருவரும் கரிச்சட்டியாகியிருந்தார்கள்.

ஒருவழியாக ஸ்டியரிங் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"ஏறுங்க மாமா, போயிடலாம்!"

அதற்குள் வெளிக்கேட்டைப் பூட்டிவிட்டு ஓர் அம்மா வந்து நின்றார்.

"என் லாரியைத் திருட வந்திருக்கீங்கன்னு மாடியிலேர்ந்து பார்த்ததுமே போனை எடுத்தேன். நீங்க சக்கரத்தைக் கழட்டவும், சரி, வேலை முடியட்டும்னு வச்சுட்டேன். இப்பதான் போலீசுக்குச் சொன்னேன்."

மாமா ஸ்பானரைக் கீழே போட்டார்.

"அதை எடுங்க தம்பி. அவங்க வர அரைமணி ஆகும். அதுக்குள்ள பிரேக்கையும் பார்த்துடுங்களேன்!"