எழுபது நாள் வண்டி

“புது லாரி நடுரோட்டுல படுத்துடுச்சு! பழைய காரு வந்து மானத்தைக் காப்பாத்துச்சு!”

காரைக்கால் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று உத்திராபதி கையை வீசி வீசிச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ரிஃபானாவுக்கு முகம் சிவந்தது. தங்கச்சி நௌஷினின் நிக்காஹ். சீர்த்தட்டுகளோடு புருஷன் தமீமின் புது மினி லாரியில் வந்து ஜம்மென்று இறங்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். வழியில் போலகத்தில், தெரிந்தவரான உத்திராபதி வீட்டுக்கு நேரே லாரி நின்றுபோனது. தமீம் அன்சாரி இறங்கி எதையோ நோண்டினான். ஏறிச் சாவியைத் திருப்பினால் சின்னச் சத்தம்கூட இல்லை. ஓடிப்போய் உத்திராபதி வீட்டுக் கதவைத் தட்டினான்.

அவர் தன் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெஜோ காரின் முன்னால் கம்பியைச் சொருகிச் சுற்ற, அது இருமி, புகை கக்கி, எப்படியோ கிளம்பியது. பதினோரு மணி நிக்காஹ்வுக்குப் பத்து ஐம்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். ரிஃபானாவின் மடியில் அல்வாத் தட்டு, ஜன்னலுக்கு வெளியே வாழைத்தார்.

“என்னோடது எழுபது வருஷத்து வண்டி. தம்பியோடது எழுபது நாள் வண்டி. அதுல ஏ.சி. இருக்கு, கேமரா இருக்கு, ஸ்டார்ட்டிங் மட்டும்தான் இல்ல!”

மறுபடியும் சிரிப்பு.

“உங்க வண்டி மாதிரி வருமாண்ணே?” என்றான் தமீம்.

ரிஃபானாவின் மாமா காஜா நஜ்முதீன் அரிசி வியாபாரி. கேட்டேவிட்டார். “ஏன் மாப்புள, என் லோடும் இப்புடித்தான் நடுவழியில நிக்குமா?”

தமீம் அதற்கும் சிரித்தான். ரிஃபானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விருந்து முடிந்தது. “மறுவீட்டுக்குப் பொண்ணு மாப்பிள்ளை என் கார்லதான்!” என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, உத்திராபதியே ரிஃபானாவையும் தமீமையும் போலகத்தில் கொண்டுவந்து விட்டார்.

தமீம் லாரிக்கு அடியில் குனிந்தான். பத்தே விநாடி. ஏறிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது.

“என்னங்க அது?”

“பேட்டரி வயரு.”

“தானா கழண்டுக்கிச்சா?”

“நான்தான் கழட்டுனேன்.”

“அல்லாவே! ஊரே சிரிச்சுதுங்க. இனிமே யாரு லோடு தருவாங்க? எதுக்கு இப்புடிப் பண்ணுனீங்க?”

தமீம் எதிர்ப்பக்கம் பார்த்தான். உத்திராபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரைத் துடைக்க வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவரு வீட்டம்மா தையல்நாயகி அக்கா தவறிப்போனதுலேருந்து, எட்டு மாசமா அண்ணன் வாசப்படி தாண்டல. நிக்காஹ்வுக்கு வாங்கன்னு மூணு தடவை நேர்ல போய்க் கூப்பிட்டேன், மாட்டேன்னுட்டாரு. வண்டி நின்னுபோச்சுண்ணேன்னு சொன்னேன். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாம ஓடியாந்துட்டாரு!”