முதல் துகளுக்கு வரவேற்பு

துகள்களை எண்ணும் பெட்டிக்குள் ஆர்கான் வாயு துள்ளிக்கொண்டிருந்தது. அன்று முதல் சோதனை. நொடிக்குப் பத்து லட்சம் துகள்கள் வரப்போகின்றன. துகள் உரசியதும் ஆர்கான் எலக்ட்ரான்களை உதறும். நுண்துளைகள் நிறைந்த செம்புத் தகடு அவற்றைப் பெருக்கிச் செய்தி சொல்லும். ஆர்கான் கூடவே வீசும் ஒளி பரவித் தீப்பொறியாகிவிடாமல் கரியமில வாயு அதை விழுங்கிவிடும்.

“நான் குஷியானாலே ஏன்டா வாயைப் பொத்துறே?” என்றது ஆர்கான்.

“ஒருத்தரைப் பார்த்துக் கத்தி முடிச்சாத்தானே அடுத்தவரைப் பார்க்கலாம்?” என்றது கரியமில வாயு.

“வால்வு அண்ணே! இந்த உம்மணாமூஞ்சியை இன்னைக்கு மட்டும் வெளியே நிறுத்துங்க!” என்று வாயுக்களை உள்ளே விடும் வால்வைப் பார்த்துக் கூவியது ஆர்கான்.

“வேணாம்ண்ணே, தீப்பொறி பறந்தா பொசுங்கப்போறது நான்தான்” என்று கெஞ்சியது தகடு.

உற்சாகம் தொற்றிக்கொண்ட வால்வு, கரியமில வாயுவின் வழியை அடைத்தது. உள்ளே இருந்ததும் குழாய் வழியே வெளியேறிவிட, பெட்டியில் ஆர்கான் மட்டுமே மிஞ்சியது.

முதல் துகள் வந்தது. ஆர்கான் ஒளிர்ந்தது. அந்த ஒளி பக்கத்து அணுவை உசுப்பியது. அது அடுத்ததை உசுப்பியது. “இன்னும்! இன்னும்!” என்று பெட்டியே ஆரவாரித்தது. பளீரென ஒரு பொறி தகட்டைப் பொசுக்கியது. மின்சாரம் நின்றது. மற்ற துகள்கள் கேட்பாரில்லாமல் கடந்து போயின.

கருகிய தகட்டைக் கழற்றினார்கள். வெளியேறும் குழாயில் போகும்போதும் ஆர்கானின் துள்ளல் அடங்கவில்லை.

“அந்த ஒருத்தனை எப்படி வரவேற்றேன், பார்த்தீங்களா!”