கதவு நிலையில் வளர்ந்தவள்

“நிலையில சாயாதீங்க சார். எங்க பொண்ணோட உயரம் அழிஞ்சிடும்.”

பணமாற்றுக் கடைக்காரரின் மனைவி இப்படிச் சொன்னதும், தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி சட்டென்று தோளை விலக்கிக்கொண்டார். கடைக்கும் பின்கட்டுச் சமையலறைக்கும் நடுவிலிருந்த அந்தக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாதமும் வருடமும் பொடி எழுத்தில்.

வந்த வேலையை அவர் மறக்கவில்லை. அண்டை நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் எத்தனை என்ற பழைய விலையை இனி யாரும் வைத்திருக்கக் கூடாது என்பது புது உத்தரவு. இன்றைய விலை மட்டும் பலகையில் இருக்கலாம். நேற்றையது அகப்பட்டால் கடைக்குச் சீல், கடைக்காரருக்குச் சிறை.

“நம்ம பணம் என்னிக்கும் விழுந்ததில்லை. புரியுதா?” என்றார்.

“அப்போ போன வருஷம் வாங்கினதுல பாதிகூட இன்னிக்கு வாங்க முடியலையே, அது எங்க ஞாபகப் பிசகா சார்?”

“நீ கொஞ்சம் சும்மா இரேன்” என்று கடைக்காரர் அவள் முழங்கையை இடித்தார்.

அவரோடு வந்த காவலர்கள் இழுப்பறைகளைக் கவிழ்த்தார்கள். ரசீதுக் கட்டுகள், கம்ப்யூட்டர், கிறுக்கல் விழுந்த காலண்டர்கூட சாக்குக்குள் போயின. ஒருவர் சமையலறையில் மாவு டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினார்.

“தேடி முடிச்சா மூடி வைக்கச் சொல்லுங்க. பூச்சி விழும்” என்றாள் அவள்.

தேட ஒன்றும் மிச்சமில்லை. அதிகாரியின் பார்வை மறுபடி நிலைக்குப் போனது. அடிக்கோட்டை விரலால் தொட்டார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

“எங்க வீட்டுலயும் பையனுக்கு இப்படித்தான் போட்டு வெச்சிருக்கோம். நீங்க மாசா மாசம் அளக்கறீங்களா?”

“வளர்ற வேகம் அப்படி. பார்க்கறவங்க வயித்துல புளியைக் கரைக்குது.”

விரல் மேலே ஏறி ஓரிடத்தில் நின்றது. “இதென்ன? இந்தக் கோடு அதுக்கு முந்தின மாசக் கோட்டைவிடக் கீழ இருக்கு.”

கடைக்காரர் குனிந்து, கவிழ்ந்து கிடந்த இழுப்பறையை நிமிர்த்தத் தொடங்கினார்.

“முந்தின மாசம் செருப்போட நின்னு ஏமாத்திட்டா” என்றாள் மனைவி, இமைகூட அசையாமல்.

அதிகாரி சிரித்துவிட்டார். “அம்மா மாதிரியே கெட்டிக்காரி.” சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். “வந்ததும் குடுங்க.”

ஜீப் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், கடைக்காரர் ஈரத்துணியோடு நிலைக்கு ஓடினார். “அழிச்சுத் தொலைச்சிடலாம். மாட்டினா ரெண்டு பேரும் உள்ளதான்.”

அவள் குறுக்கே வந்து நின்றாள். “தொடுங்க பார்ப்போம்.”

“ஏன்டி புரியாமப் பேசற? மறுபடி வருவாங்க. நமக்குப் பிள்ளையே கிடையாதுன்னு இந்தத் தெருவுல ஒருத்தர் வாய் தவறிச் சொன்னாப் போதும்.”

அவள் துணியைப் பிடுங்கி வாளியில் எறிந்தாள். மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு நிலையருகே போனாள்.

“மாசம் பொறந்தாச்சு. இன்னிக்கு ரேட் என்ன, சொல்லுங்க.”