சாம்பல் அட்டை

டாக்டர் நீட்டிய அட்டையில் கோடுகள் இருந்தன. கறுப்பும் வெள்ளையுமாக, வலப்பக்கம் சாய்ந்த கோடுகள்.

சுவரோரம் நின்ற அம்மாவுக்கே அவை தெரிந்தன.

மகளின் வலக்கண் மூடப்பட்டிருந்தது. இடக்கண்ணால் தாரணி வெகுநேரம் பார்த்தாள்.

"கோடு எந்தப் பக்கம் சாயுது பாப்பா?"

"கோடே இல்ல டாக்டர். சாம்பலாத்தான் இருக்கு."

டாக்டர் வேறு அட்டையை எடுத்தார். இன்னும் தடித்த கோடுகள்.

அதுவும் சாம்பல்.

கண்ணில் பழுதில்லை என்று போன வருடமே சொல்லியிருந்தார். அந்தக் கண் காட்டுவதில் எது ஓரம், எது சாய்வு என்று பிரித்தறிய மூளைதான் பழகவில்லை. நல்ல கண்ணைத் தினமும் மூடிவைத்தால் மற்றது பழகிக்கொள்ளும். சின்ன வயதில்தான் அது நடக்கும்.

அவளும் பிளாஸ்திரி ஒட்டினாள். காலையில், கணவர் பார்க்க, புருவத்தோடு சேர்த்து அழுத்தி.

பள்ளி வாசலில் யாரோ "ஒத்தக்கண்ணி வர்றா" என்ற நாளிலிருந்து, தெரு திரும்பியதும் அம்மாவே அதை உரித்துவிடுவாள்.

மாலையில் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டதும் புதிதாக ஒன்று.

பசை இழுத்துச் சிவந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய்.

பிள்ளை எதிலும் இடித்துக்கொள்ளாமல் ஓடியது. சிரித்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"தினமும் ஒட்டினீங்களாம்மா?"

தாரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் வாய் திறக்குமுன் தாரணி முந்திக்கொண்டாள்.

"அம்மா தினம் ஒட்டிவிட்டாங்க டாக்டர். நான் கழட்டவே மாட்டேன்."

சொல்லிவிட்டு, அம்மா நின்ற பக்கம் அந்த இடக்கண்ணைத் திருப்பினாள். அதில் அம்மாவின் முகம் எப்படித் தெரிந்ததோ.

டாக்டர் பேனாவை மூடினார்.

"ஒரு வருசம் ஒழுங்கா ஒட்டியும் கோடு பிடிபடலைன்னா, இனிமே ஒட்டிப் பிரயோசனம் இல்லம்மா. நிறுத்திடலாம்."

கணவர் குனிந்து பையை எடுத்துக்கொண்டார்.

தாரணியின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியிலிருந்து குதித்து வந்து, அம்மாவின் சுண்டுவிரலைப் பற்றினாள். வா போகலாம் என்பதுபோல் இழுத்தாள்.

அவள் அந்தப் பிடியிலிருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டு, டாக்டரின் மேசையருகே போனாள்.