மதில்மேல் முல்லை

திடீரென்று உச்சஸ்தாயியில் எழுந்த பாட்டைக் கேட்டு, நர்சரிக்காரியின் கையிலிருந்த பூவாளி நழுவி விழுந்தது. பாடிக்கொண்டே உள்ளே வந்தவர் ஒரு வாடிக்கையாளர்.

“மதில்ல ஏத்த ஒரு கொடி வேணும்மா. அந்துப்பூச்சி கூட்டம் கூட்டமா வரணும்!”

“வரணுமா? எல்லாரும் பூச்சி வராத செடிதானே கேப்பாங்க!”

“பக்கத்து வீட்டுக்காரர் தினம் சாயங்காலம் ஜன்னலைத் திறந்துவெச்சுக்கிட்டு, புல்லாங்குழல் ஊதி உயிரை வாங்குறார். விளக்கைத் தேடிப் பூச்சி உள்ளே புகுந்தா, ஜன்னலைச் சாத்தித்தானே ஆகணும்?”

“அப்ப முல்லைதான். பொழுது சாஞ்சா பூக்கும், பூச்சி மொய்க்கும்.”

குஷியில் அவர் அடுத்த பாட்டை எடுத்தார். நர்சரிக்காரி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஒரு மதில் ரெண்டு கொடியைத் தாங்குமாண்ணே? காலையில புல்லாங்குழலும் கையுமா ஒருத்தர் வந்து இதையேதான் வாங்கிட்டுப் போனார். பக்கத்து வீட்டுல யாரோ பாடியே கொல்றாங்களாம்!”