அரசர்கள் கட்டித் தழுவிய பிறகு

"நிக்கட்டும். கேற்றத் திறக்காதீங்க" என்றாள் ஃபர்ஸானா.

கணவன் அஸ்மின் ஜன்னலால் எட்டிப் பார்த்தான். தில்லையடியின் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில், உச்சி வெயிலில், கறுப்பு அபாயாவோடு நின்றாள் நூரா. சவூதியில் ஃபர்ஸானா வேலை செய்த வீட்டின் எஜமானி; சவூதிக்காரனைக் கட்டிய கட்டார்காரி. கற்பிட்டியில் ஹோட்டலெடுத்துத் தங்கி, ஆள் விட்டு விசாரித்து வந்திருந்தாள். தள்ளி நின்ற வேனுக்குள் அவளது ஆறு வயது மகள் லுல்வா.

"வெயில் கொளுத்துது. பாவம்."

"பாவமா? எண்ட உம்மா நோன்புல மௌத்தானா. வீட்டில இருந்து கோல் வந்தது இந்த மேடத்துக்கு. பெருநாள் விருந்து முடியும் வரைக்கும் எனக்குச் சொல்லாம மறைச்சிட்டா. உம்மா கபுறுக் குழிக்குள்ள. நான் சிரிச்சிச் சிரிச்சி அவட விருந்தாளிகளுக்கு கஹ்வா ஊத்தினேன்."

அஸ்மின் ஜன்னலை விட்டு விலகினான்.

நூராவின் முகம் சிவந்து, கை கேற்றைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஃபர்ஸானா வெளியே போனாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"என்ன வேணும், மேடம்?" அரபியில் கேட்டாள்.

"உனக்குத் தெரியும்தானே. சவூதியும் இன்னும் மூன்று நாடுகளும் சேர்ந்து கட்டாரோடு பகைத்துக்கொண்டன. பிள்ளை சவூதிப் பிரஜை, நீ மட்டும் போ என்று என்னை அனுப்பிவிட்டார்கள். அவளுடைய வாப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். கட்டாருக்குப் பேசினால் வேலை போய்விடும் என்று மூன்றரை வருடம் தொலைபேசியில்கூட அவளைக் காட்டவில்லை."

"எல்லாம் முடிஞ்சிதானே? டீவியில பார்த்தேன்."

"முடிந்தது. அரசர்கள் விமான நிலையத்தில் கட்டித் தழுவினார்கள். எல்லையைத் திறந்தார்கள். பிள்ளையும் என்னிடம் வந்துவிட்டாள்." நூரா வேனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனால் நான் கிட்டப் போனால், ஜின்னைக் கண்டதுபோல் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். தொட்டால் நடுங்குகிறாள். ஒரு வருடமாகிறது. நான் போன பிறகு நீதான் அவளை வளர்த்தாய். நீ சொன்னால் கேட்பாள்."

ஃபர்ஸானாவுக்கு நெஞ்சுக்குள் இனித்தது.

"போகச் சொன்னப்போ உடுத்த உடுப்போட போனீங்களா, மேடம்?"

"ஆம்."

"எண்ட உம்மாவையும் சண்டை காலத்துல மன்னாரில இருந்து அப்பிடித்தான் வெரட்டினாங்க. அவ மௌத்தானதுக்கு அழவும் என்னை நீங்க விடல்ல."

நூரா அப்படியே ஒழுங்கை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அபாயாவெல்லாம் புழுதி. "செய்தது பாவம், ஃபர்ஸானா. அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடு. எனக்கு வேறு பிள்ளை இல்லை."

இந்தக் காட்சியை ஃபர்ஸானா எத்தனையோ இரவுகள் நினைத்து நினைத்துப் பார்த்திருந்தாள். கண்முன்னே நடந்தபோது, ஏனோ பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். நூராவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"பிள்ளையக் கூப்பிடுங்க."

வேன் கதவு திறந்ததும் லுல்வா பாய்ந்தோடி வந்தாள். தாயைத் தாண்டி வந்து, ஃபர்ஸானாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ஃபர்ஸானா குனிந்து அவள் தலையைத் தடவினாள். தாய் போய், தகப்பனும் வேலையென்று போய்விடும் அந்தப் பெரிய வீட்டில் இருவரும் பேசிப் பழகிய தமிழில் சொன்னாள்: "பயப்படாதீங்க மகள். உம்மாக்கிட்ட போங்க."

லுல்வா நூராவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டு, ஃபர்ஸானாவின் காதோடு கேட்டாள்:

"எண்ட உம்மா மௌத்தாப் போயிட்டா எண்டு நீங்கதானே சொன்னீங்க?"